டைரக்டர் வீட்டில் பேசக்கூடாதது

என் வீட்டுக்காரர் டைரக்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் இவள் ஏன் இப்படிக் கடுகடுவென்று பேசுகிறாள் என்று யாரும் கேட்க வேண்டாம். குடிக்கிறவர், சீட்டாடுகிறவர், கை நீட்டுகிறவர் என்று எத்தனையோ ஆண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவரிடம் அதெல்லாம் கிடையாது. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்வார், கொண்டுபோய் ஷூட்டிங்கில் போடுவார், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையா என்று தோன்றும். எங்கள் ஒரே மகளின் குடித்தனம் ஆட்டம் கண்டது இதனால்தான்.

நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் அழகாக வாயசைப்பது ஒருத்தி, இருட்டு அறையில் மைக் முன்னால் நின்று பேசுவது இன்னொருத்தி. அந்த இன்னொருத்தி நான். இவரை முதலில் பார்த்ததும் அந்த இருட்டு அறையில்தான். ஒரு பெரிய டைரக்டரிடம் கடைசி உதவியாக இருந்தார். கடைசி உதவி என்றால் க்ளாப் பலகை அடிக்க வேண்டும், குடை பிடிக்க வேண்டும், யார் தப்புச் செய்தாலும் திட்டு வாங்க வேண்டும். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. "க்ளாப் எங்கய்யா, க்ளாப்பக் கூப்பிடு" என்பார்கள். பிற்பாடு அவரே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் பழைய ஆட்களுக்கு அவர் க்ளாப்தான். சின்னவர்கள் மரியாதையாக க்ளாப் சார் என்றார்கள்.

டப்பிங்கின்போது என் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சோகக் காட்சி என்றால் வாசிக்கும்போதே தொண்டை கம்மிவிடும், மூக்கை உறிஞ்சுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"சார், நான் அழறதுக்குத்தான் என்னக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க அழுதா எனக்கு வசனம் கேக்கல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்த மனசுக்குத்தான் விழுந்தேன். பொய்யாக அழுகிறவர்கள் நடுவில் ஒருத்தர் நிஜமாக அழுகிறாரே என்று நினைத்தேன். நிஜமாகத்தான் அழுவார், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அழுது முடித்ததும் அந்த அழுகையை எங்கே வைக்கலாம் என்று யோசிப்பார் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இந்தப் பழக்கம் அவருக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது உதவி டைரக்டர்கள் கூட்டமாக ஒரே அறையில் இருந்தார்கள். கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம். ஒருநாள் சண்டையில் அந்த அம்மாள் புருஷனைப் பார்த்து, "என்ன நிம்மதியா சாப்பிட விடு. நாளைக்கு நீ செத்தா அழறதுக்காவது தெம்பு வேணும்ல" என்றாளாம். இவர் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் கதை பேசும் இடத்தில் அதைச் சொல்ல, பெரிய டைரக்டர் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாராம். "எங்கடா புடிச்ச இத?" என்று கேட்டாராம். அதுவரை அவர் இவர் முகத்தை நேராகப் பார்த்ததுகூட இல்லை. படம் வந்தது, தியேட்டரில் அந்த வசனத்துக்குக் கைதட்டினார்கள், கீழ்வீட்டு அம்மாளும் படம் பார்த்தாள், அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அறையை விட்டு விரட்டினதைப் பரிசு வாங்கினது மாதிரிதான் இவர் எல்லாரிடமும் சொல்லுவார்.

க்ளாப்பிலிருந்து மேலே மேலே வந்து அசோசியேட் ஆனார். பிறகு தனிப்படம் கிடைத்தது. பாதிப் படம் எடுத்து முடித்த நிலையில் கதாநாயகனுக்கும் தயாரிப்பாளருக்கும் ஏதோ வாய்த்தகராறு, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். படச்சுருள் டப்பாக்கள் லேபிலேயே கிடந்து மக்கின. அப்புறம் சில வருஷம் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கதை சொன்னார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சண்டை வந்தால் சண்டை, பாட்டு வந்தால் பாட்டு என்று எல்லாவற்றையும் தானே நடித்துக் காட்டிவிட்டு நாக்கு வறண்டு வீட்டுக்கு வருவார். "நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்பார். நல்லா இருக்கு என்று சொன்னவன் எவனும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

மகள் பிறந்த பிறகு டிவிக்கு வந்தார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார், கேமராவைத் தொடாமல் இருக்க முடியாது என்பதற்காக. முதலில் இரண்டாவது யூனிட். பெரிய நடிகர்கள் பேசுகிற காட்சியை மெயின் டைரக்டர் எடுப்பார். கார் வாசலில் வந்து நிற்பது, யாரோ படியேறுவது, கதவு திறப்பது மூடுவது, இதெல்லாம் இவர் பங்கு. "கதவு சாத்தறதுல இந்த உலகத்துல என்ன விட அனுபவஸ்தன் கிடையாதுடி" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். மெயின் டைரக்டர் கோபித்துக்கொண்டு வெளியேறிய அன்றைக்கு நாற்காலி இவருக்கு வந்தது. வந்த நாளிலிருந்து இறங்கவே முடியவில்லை.

தினசரி சீரியல் எப்பேர்ப்பட்ட பிழைப்பு என்று அதில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்குப் போட்டதை நாளைக்குப் போட முடியாது. எழுதுகிறவர் ஊருக்குப் போனாலும், நடிகை கோபித்துக்கொண்டாலும், சாயங்காலம் ஆனால் எபிசோட் போக வேண்டும். இவர் கண் வீட்டுப் பக்கம் திரும்பியது. முதலில் மாட்டினவன் என் தம்பி. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்துகொண்டிருந்தான். என்னிடம் மட்டும் சொல்லி அழுதான். அடுத்த மாதமே சீரியலில் ஒரு கோமாளி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனான். தம்பி பெண்டாட்டி அதைப் பார்த்துச் சிரித்தவள், பாதியில் சிரிப்பை நிறுத்திப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாளாம். அப்புறம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று, "மாமா இருக்காரா?" என்று கேட்பான். இருக்கிறார் என்றால் அப்படியே திரும்பிவிடுவான். எதிர்வீட்டம்மாள் என்னிடம் பேசுவதென்றால் காய்கறிக் கடைக்குக் கூப்பிட்டுப்போய்த்தான் பேசுவாள். எல்லாருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சிரிப்பை நிறுத்தினேன். அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"இங்க பாருங்க. என் தம்பி போனான், பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாம் போச்சு. நான் வாய தொறக்கல. இவ குடித்தனத்துல நடக்கறது ஒண்ணும் உங்க கேமரா பக்கம் வரக்கூடாது. நல்லது கெட்டது எதுவும்."

"என்னம்மா, பெத்த பொண்ண வெச்சா கதை பண்ணுவேன்?"

"பண்ண மாட்டேன்னு வாயால சொல்லுங்க."

"பண்ண மாட்டேன்" என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வழக்கம்போல நிஜக் கண்ணீர்.

மாப்பிள்ளை இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அதிர்ந்து பேசாத பிள்ளை. அப்பா இல்லை, அம்மா மட்டும். சம்பந்தியம்மாளுக்கு இவர் சீரியல் என்றால் உயிர். சாயங்காலம் அந்த நேரத்துக்குப் போன் அடித்தால் எடுக்க மாட்டார். கதாநாயகிக்குப் பேசுவது நான் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. "நேத்து உங்கம்மா நல்லா அழுதாங்க" என்று மகளிடம் சொல்வாராம்.

கல்யாணமாகிச் சில வருஷம் குழந்தை இல்லை. சம்பந்தியம்மாள் நல்ல மனுஷிதான், ஆனால் ஏக்கம் யாரை விட்டது. ஜாடை மாடையாக ஆரம்பித்து நேராகவே கேட்க ஆரம்பித்தார். எனக்குப் புழுங்கிற்று. மகள் வீட்டுக்கு வந்த ஒருநாள், வேறு நல்ல டாக்டரைப் பார்க்கலாம் என்று அவளை விடாமல் பிடித்துக்கொண்டேன். கடைசியில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மகள் சொன்னாள். குறை அவளிடம் இல்லை. மாப்பிள்ளைக்குக் குழந்தை பிறக்க வழியே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காரை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "எங்கம்மா தாங்க மாட்டாங்க. நீ உன் மேல போட்டுக்கறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னடி சொன்ன?"

"சரின்னேன். வீடு வர வரைக்கும் அழுதுக்கறேன், வீட்டுக்குள்ள வந்து அழ மாட்டேன்னு சொன்னேன்."

மாப்பிள்ளை காரை எடுத்தாராம். நேர் வழியில் வீட்டுக்குப் போகாமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் தெருத்தெருவாகக் காரைச் சுற்றிக்கொண்டே இருந்தாராம். அப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான். பாரத்தை இவள் தலையில் ஏற்றியவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுற்றலில் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு உடன்பாடு உண்டாகிவிட்டது. அதுதான் அந்தக் குடித்தனம். வேறு யாருக்கும் அது தெரியாமல் இருக்கிற வரைக்கும் நிற்கும்.

நான் மென்று முழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இவர்தான் ஆரம்பித்தார். தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார், பெரிய கைராசிக்காரர், நானே மகளைக் கூட்டிப்போகிறேன், சம்பந்தியம்மாளிடமும் பேசிவிட்டேன் என்று கிளம்பிவிட்டார். தடுக்க வேறு வழியில்லாமல் மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். கட்டின புருஷனிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதா? கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு அழுதார். ரொம்ப நேரம் அழுதார். பாவம் மனுஷர் என்று தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் சீரியல் படுத்துவிட்டிருந்தது. சேனலில் கதைகளைக் கவனிக்கிற பொறுப்புக்கு ஒரு இளம்பெண் வந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து இறக்காமல் பேசுவாள். "சார், ரேட்டிங் இப்படியே போனா நாங்க வேற முடிவு எடுக்க வேண்டியிருக்கும். ஏத்திக் காட்டுங்க, சேனல் படம் பண்ணப் போகுது, முதல் படம் உங்களுக்குத்தான்" என்றாளாம். படம் என்ற சொல்லை இவரிடம் யாரும் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது. பெரிய திரையில் தன் பெயர் வர வேண்டும் என்பதற்காகத்தான் குடை பிடித்தது, கதவு சாத்தினது எல்லாம். கதை பேசுகிற அறையில் அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு சீன் இருக்கு" என்றாராம். சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே குரலில், இதுதான் சீன் என்றார்களாம். இவருடைய அசோசியேட் பிற்பாடு இதை எனக்குப் பெருமையாகச் சொன்னான், அவனுக்கு என்ன தெரியும்.

எனக்குத் தெரிந்தது டப்பிங் தியேட்டரில். அன்றைக்குச் சாயங்காலம் போக வேண்டிய எபிசோட், காலையில் பேசிக்கொண்டிருந்தேன். தாளை முன்கூட்டிப் படிக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது, திரையில் வர வரப் பேச வேண்டியதுதான். பஸ்ஸின் கடைசி சீட்டில் கதாநாயகியும் புருஷனாக வருகிறவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பெரிய மீசை, போலீஸ் உடுப்பு. அவருடைய குரலை முன்னமே பதிந்து வைத்திருந்தார்கள். ஹெட்போனில் கேட்டது.

"எங்கம்மா தாங்க மாட்டாங்க. நீ உன் மேல போட்டுக்கறியா?"

தாளைப் பார்த்தேன். நான் பேச வேண்டிய வரி அதில் இருந்தது. சரி, வீடு வர வரைக்கும் அழுதுக்கறேன், வீட்டுக்குள்ள வந்து அழ மாட்டேன். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. திரையில் அந்தப் பெண் என் மகள் வார்த்தைக்கு வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் கேட்டார்.

"என்ன மேடம், தொண்ட சரியில்லையா?"

"தொண்ட நல்லாத்தான் இருக்கு. இத நான் பேச மாட்டேன்."

"மேடம், சாயங்காலம் போகணும் மேடம்."

"போகக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு நேராக ஷூட்டிங் நடக்கும் வீட்டுக்குப் போனேன். தரையெல்லாம் வயர். இவர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினார்.

"டப்பிங் முடிஞ்சுதா?"

"எதப் பேசச் சொன்னீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"இங்க பாரும்மா, எல்லாத்தையும் மாத்திட்டேன். கார பஸ் ஆக்கிட்டேன். அவர போலீஸ் ஆக்கிட்டேன், மீச வெச்சுட்டேன். மாப்பிள்ளையே பாத்தாலும் அடையாளம் தெரியாது."

"மீசைய மாத்துனீங்க. வசனத்த ஏன் மாத்தல?"

மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார். "மாத்திப் பாத்தேன். விதவிதமா எழுதிப் பாத்தேன். எதுவும் அவ சொன்ன மாதிரி வரல. அந்த மாதிரி யாராலயும் எழுத முடியாதும்மா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. பெற்றவனுக்குப் பிள்ளை மேல் வருகிற பெருமை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் புத்தி இப்படித்தான் போகும். உடுப்பை மாற்று, வீட்டை மாற்று, ஆளை மாற்று, ஆள் தெரியாது என்று நம்புவார்கள். மனுஷர்கள் அடையாளம் கண்டுபிடிப்பது பேச்சை வைத்துத்தான் என்று, பேச்சையே விற்றுப் பிழைக்கிறவருக்குத் தோன்றவில்லை.

"அந்த சீன எடுத்துடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

போனைக் கையில் எடுத்தார். யாருக்கும் அடிக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். "அத எடுத்துட்டா இன்னைக்கு எபிசோட்ல என்ன இருக்கு?" என்றார். என்னைக் கேட்டமாதிரி இல்லை. போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன். "இன்னைக்கு அங்க டிவி ஓடக்கூடாதும்மா. என்னவாவது பண்ணு" என்றேன்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள், "சரி, வை" என்று வைத்துவிட்டாள்.

அங்கே நடந்தது முழுக்க மறுநாள் அவள் வாயால் கேட்டதுதான். டிவிக்குப் பின்னாலிருந்த கேபிள் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். நேரம் ஆனதும் சம்பந்தியம்மாள் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாராம். ஆபீசிலிருந்து வந்த மாப்பிள்ளை சட்டைகூட மாற்றவில்லை. அம்மா ஏமாந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டிவிக்குப் பின்னால் மண்டிபோட்டுக் கழன்று கிடந்த வயரைத் தேடி எடுத்துத் தானே சொருகியிருக்கிறார். இவள், "வேணாங்க, விடுங்க, எனக்குத் தலவலி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அம்மாக்கு இது ஒண்ணுதானே" என்றாராம்.

பஸ் காட்சி வந்தது. எனக்குப் பதிலாக வேறு ஒருத்தியைக் கூட்டிவந்து பேசவைத்திருந்தார்கள். "என்னடி, இன்னைக்கு உங்கம்மா குரல் இல்லையே" என்று சம்பந்தியம்மாள் சத்தத்தைக் கூட்டினாராம். கூட்டின சத்தத்தில் வீடு முழுக்கக் கேட்டது, அன்றைக்கு மாப்பிள்ளை கேட்டதும் மகள் சொன்னதும். நான் பேசாமல் வந்ததும் அவளுக்கே வினையாகப் போயிற்று. சம்பந்தியம்மாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "பாவம்டா அந்தப் பொண்ணு. இப்படி பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சுக்கற ஆம்பளைங்க ஊருல எத்தன பேரோ" என்று மகனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளை டிவியை அணைத்தாராம். "நானும்தாம்மா" என்றாராம்.

மறுநாள் காலையில் மகளைக் கொண்டுவந்து விட்டார். நான் வாசலுக்கு ஓடினேன். அவர் காரை விட்டு இறங்கவில்லை. பெட்டியை அவளே இறக்கினாள். கூடத்தில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், நடந்ததையெல்லாம் ஒரேயடியாகச் சொன்னாள். இவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லக் கேட்டார்.

"வழியில மாப்பிள்ள என்னம்மா சொன்னாரு?"

அவள் ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலப்பா. இந்தத் தடவ நேர் வழியில வந்தாரு" என்றாள்.

இவர் அப்படியே சரிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அந்த வாரம் ரேட்டிங் ஏறிற்று. சேனலிலிருந்து பூங்கொத்து வந்தது. வாசலில் வாங்கி அங்கேயே வைத்துவிட்டேன், காய்ந்து உதிர்ந்தது. நான் அந்தச் சீரியலுக்குப் பேசுவதை விட்டேன். வேறு வேலைக்குப் போனேன், வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. மகள் பல மாதம் எங்களோடு இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் அப்பா ஒரு அறைக்குள் வந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். போகப் போக என்னிடமும் அப்படியே ஆயிற்று.

ஒருநாள் மாப்பிள்ளை வந்தார். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கியிருந்தார். மகளோடு வாசலில் நின்று பேசினார். உள்ளே வந்து அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். நான் சந்தோஷத்தில் அழுதேன். விலாசம் கேட்டேன்.

"வேணாம்மா. அவரு கேட்டது அது ஒண்ணுதான். எங்க வீட்டுல நடக்கறது இங்க யாருக்கும் தெரியக்கூடாது. சரின்னு சொல்லிட்டேன்."

"நானுமாடி?"

"நீயும்தாம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கன்னத்தைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

இவருக்குப் படம் கிடைத்தது. முதல் நாள் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். கதை, திரைக்கதை, இயக்கம் என்று அவர் பெயர் திரை முழுக்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அதற்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாததல்ல. பாவமாகக்கூட இருந்தது. இடைவேளைக்கு அப்புறம் ஒரு காட்சி. புருஷன் கார் ஓட்டுகிறான், பெண்டாட்டி பக்கத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். வளைவு வருகிறது, அவள் அவனைப் பார்க்கிறாள், அவன் திருப்பாமல் நேராகப் போகிறான். வசனமே இல்லை. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் விம்மி விம்மி அழுதாள். சீரியலில் இதைப் போடவில்லையே என்று நான் நினைத்து நினைத்து ஆறுதல்பட்டிருந்தேன். மனுஷர் திருந்திவிட்டார் என்றுகூட நினைத்தேன். படத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். கையை உருவிக்கொண்டேன்.

படம் நன்றாகத்தான் போயிற்று. நாலு பெரிய மனிதர்கள் பாராட்டினார்கள். இரண்டாவது படத்துக்கு முன்பணத்தோடு ஆள் வந்தார்கள். இவரிடம் கதை இல்லை. பேச வீட்டில் யாரும் இல்லையே, எங்கிருந்து வரும். தம்பி வருவதில்லை, எதிர்வீட்டம்மாள் வீடு மாறிப் போய்விட்டாள். நானும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. கையில் பேனாவோடு கூடத்தில் உட்கார்ந்து, பால்காரன் வந்தால் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். மகளிடமிருந்து போன் வந்தால் மட்டும் அவர் முதுகு நிமிரும்.

அவள் வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். "நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. இங்க மழை. நீ மாத்திரை போட்டுக்கிட்டியா?" அவ்வளவுதான். யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிக்கிற மாதிரி இருக்கும். நானும் அதே மாதிரிப் பதில் சொல்லுவேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். சாப்பிட்டாச்சு என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது.

"யாரும்மா அது?"

அவள் போனைக் கை மாற்றுகிற சத்தம் கேட்டது.

"டிவிம்மா."

டிவியில் அழுகிற குழந்தை எப்படி அழும் என்று எனக்கா தெரியாது? பாதிக் குழந்தைகளுக்கு நானே அழுதிருக்கிறேன். இது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நடுவில் மூச்சு முட்டி நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தது. அவள் இடுப்பில் இருந்துதான் அழுதது. தட்டிக்கொடுக்கிற கையின் சத்தம்கூடக் கேட்டது. எங்கிருந்தோ எடுத்து வளர்க்கிறார்கள். ஆணா பெண்ணா, என்ன பெயர், எத்தனை மாதம், பல் வந்துவிட்டதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்க நாக்கு துடித்தது. பார்க்க வேண்டும் என்று மார்பு வலித்தது. கூடத்தில் இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வைம்மா" என்றேன்.

"சரிம்மா" என்றாள். இரண்டு பேரும் வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம். குழந்தை அழுகை மெல்ல அடங்கி, அவள் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொள்வது கேட்டது. அப்புறம் அவள் வைத்துவிட்டாள்.

"என்னவாம்? ஏதாவது விசேஷமா?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல. அங்க மழையாம்" என்றேன்.